ஒரு டாலர் நோட்டுக் கட்டு: கம்போடியாவுக்குக் குழுச் சுற்றுலா நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கும், குழுக்களுடன் செல்லும் மேலாளர்களுக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டு ஜனவரியில் சென்னையிலிருந்து புறப்பட்ட 42 பேர் கொண்ட குழுவில் ஒருத்தியாக நான் கம்போடியா சென்று வந்தேன். கோவில்பட்டி, சாத்தூர்ப் பக்கத்துக் கிராமப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அங்கோர் வாட்டை ஒரு முறையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. அந்த ஆசை நிறைவேறியது. தங்குமிடம், உணவு, வழிகாட்டி என எதிலும் குறை சொல்ல இடமில்லை. எங்களை அழைத்துச் சென்ற நிறுவனத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. நான் சொல்ல வருவது ஒரு நிறுவனம் செய்த பிழையைப் பற்றியதன்று. உங்களில் பலர் நல்லெண்ணத்துடனேயே கடைப்பிடித்துவரும் ஒரு வழக்கத்தைப் பற்றியது.

பயணத்துக்கு நான்கு நாட்களுக்கு முன் எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு குறிப்பு வந்தது. தொப்பி, கொசுவிரட்டிக் களிம்பு, தோளையும் முழங்காலையும் மறைக்கும் உடை ஆகியவற்றோடு, முப்பது நாற்பது ஒரு டாலர் நோட்டுகளும் எடுத்துக்கொள்ளும்படி அதில் எழுதியிருந்தார்கள். டிப்ஸ் கொடுக்கவும், கோயில்களில் வந்து கேட்கும் குழந்தைகளுக்குக் கொடுக்கவும் உதவும் என்று காரணமும் சொல்லியிருந்தார்கள். எங்களில் யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. காசிக்கோ இராமேசுவரத்துக்கோ புறப்படும்போது முதல் நாளே சில்லறை மாற்றி ஒரு பையில் முடிந்துகொள்ளும் வீடுகளில் வளர்ந்தவர்கள் நாங்கள். கோயில் என்றால் படிக்கட்டு, படிக்கட்டு என்றால் ஏந்திய கைகள், ஏந்திய கை என்றால் வெறுமனே கடந்து போகக் கூடாது என்பது எங்களுக்குச் சொல்லிக்கொடுக்காமலேயே வந்து சேர்ந்த பழக்கம். நானும் நாற்பது நோட்டுகள் வாங்கி வைத்துக்கொண்டேன்.

பந்தியாய் ஸ்ரேய் கோயிலுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். பத்தாம் நூற்றாண்டில் சிவனுக்காக எழுப்பப்பட்ட அந்தச் செம்மணற்கல் கோயிலின் நுணுக்கமான செதுக்கல்களைப் பற்றி எழுத எனக்கு ஆசைதான். ஆனால் வாகனம் நிற்கும் இடத்திலிருந்து கோயிலுக்குப் போகும் பாதையில் நடந்ததைச் சொல்லவே இந்த மடல். மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் உயரமிருந்த ஒரு சிறுமி, கையில் அஞ்சலட்டைக் கட்டுடன் எங்களை நோக்கி ஓடி வந்து, “அம்மா, ஒரு டாலர், அழகு அம்மா” என்றாள். பிறகு தமிழிலேயே ஒன்று, இரண்டு, மூன்று என எட்டு வரை எண்ணிக் காட்டினாள். எங்கள் குழு மகிழ்ச்சியில் கூவிவிட்டது. அந்நிய மண்ணில் ஒரு குழந்தையின் வாயில் தமிழைக் கேட்டவுடன் எல்லோருடைய கைகளும் பைகளுக்குள் போயின. அவளை நடுவில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் தூக்கி வைத்துக்கொண்டார். அஞ்சலட்டைகளை யாரும் வாங்கவில்லை, நோட்டுகளை மட்டும் கொடுத்தார்கள். பத்து நிமிடங்களுக்குள் பதினான்கு நோட்டுகள் அவள் கைக்குப் போனதை நான் எண்ணினேன். அவற்றில் இரண்டு என்னுடையவை.

அவளுக்குத் தமிழ் எண்களைச் சொல்லிக்கொடுத்தவர்கள் யார்? எங்களுக்கு முன்னால் வந்துபோன நம் குழுக்கள்தாம். அன்றிரவு தூக்கம் வராமல் படுத்திருந்தபோது இந்த ஒரு நினைப்புதான் என்னை விடாமல் அரித்தது. ஒரு குழந்தை ஒரு மொழியில் எட்டு வரை எண்ணக் கற்றுக்கொள்ள எத்தனை முறை கேட்டிருக்க வேண்டும் என்பது ஒன்றாம் வகுப்பு எடுத்த எனக்குத் தெரியும். அத்தனை காலை வேளைகள் அவள் அந்தப் பாதையில் நின்றிருக்கிறாள்.

பதினான்கு டாலர் என்பது நமக்கு ஒரு நல்ல உணவகத்தில் ஒருவர் சாப்பிடும் செலவு. கம்போடியாவில் அதன் பொருள் வேறு. அந்நாட்டின் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்பவருக்கு 2025ஆம் ஆண்டுக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 208 டாலர். மாதம் 26 நாள் வேலை என்று வைத்தால் நாளொன்றுக்கு 8 டாலர். நாள் முழுவதும் தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருக்கும் ஒரு தாய் கொண்டுவருவதைவிட ஏறத்தாழ இரு மடங்கை ஒன்பது வயதுக் குழந்தை பத்து நிமிடத்தில் கொண்டுவந்துவிடுகிறது என்றால், அந்த வீட்டில் யார் வேலைக்குப் போவது, யார் பள்ளிக்குப் போவது என்ற முடிவை நாம்தான் எடுத்துவிடுகிறோம். தனியாக முதுகுப்பையுடன் திரியும் ஒரு பயணி இரக்கப்பட்டு ஒரு டாலர் கொடுப்பதற்கும், ஒரே பேருந்திலிருந்து 42 பேர் இறங்குவதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். இம்மடலைப் பயணிகளுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுவதும் இதனால்தான்.

அந்தக் குழந்தைகளின் பெற்றோரை நான் குறை சொல்லவில்லை. மர நிழலில் அமர்ந்து அவளிடமிருந்து நோட்டுகளை வாங்கி மடித்து வைத்துக்கொண்ட பெண்ணின் முகத்தில் பேராசை எதுவும் எனக்குத் தென்படவில்லை, களைப்புதான் தெரிந்தது. நிலமில்லாத குடும்பங்கள், கடனில் மூழ்கிய குடும்பங்கள், தந்தை தாய்லாந்துக்குக் கூலிக்குப் போய்விட்ட குடும்பங்கள் என்று கம்போடியாவின் கெமர் இனத்தவரான எங்கள் வழிகாட்டி விவரித்தார். அங்கோர் பாதுகாப்பு வளாகத்துக்குள் வசித்துவந்த சுமார் 10,000 குடும்பங்கள் 2022 முதல் ருன் தா ஏக் போன்ற இடங்களுக்குப் பெயர்க்கப்பட்டதும், கோயில் வாசலில் சிறு கடை வைத்துப் பிழைத்தவர்கள் அந்த வருமானத்தை இழந்ததும் உலகம் அறிந்த செய்திகள். அந்த வறுமைக்கு நாம் பொறுப்பல்ல. ஆனால் அந்த வறுமையிலிருந்து வெளியேற எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று நம் டாலர் நோட்டுகள் அவர்களுக்கு வழி காட்டுகின்றன.

“இந்தப் பிள்ளைகள் பள்ளிக்குப் போவதில்லையா?” என்று நான் வழிகாட்டியிடம் கேட்டேன். கம்போடியாவின் அரசுப் பள்ளிகள் பெரும்பாலும் காலை, பிற்பகல் என இரண்டு வேளைகளாக நடக்கின்றன என்றும், ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஒரு வேளைதான் வகுப்பு என்றும் சொன்னார். காலையில் பார்க்கும் குழந்தை பிற்பகல் பள்ளி என்று சொல்லும். பிற்பகலில் பார்க்கும் குழந்தை காலையிலேயே போய்விட்டு வந்ததாகச் சொல்லும். சில பிள்ளைகளைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. ஆனால் வருகைப் பதிவேட்டோடு வாழ்ந்தவள் என்ற முறையில் ஒன்றை நான் உறுதியாகச் சொல்வேன். எந்தக் குழந்தையும் ஒரே நாளில் பள்ளியிலிருந்து நின்றுவிடுவதில்லை. முதலில் வாரத்தில் ஒரு நாள் வராது. பிறகு வந்தாலும் தூங்கி வழியும். அப்புறம் கூட்டம் மிகுந்த மாதங்களில் முழுவதுமாக மறைந்துவிடும். திரும்பி வரும்போது தன்னைவிடச் சிறிய பிள்ளைகளோடு உட்கார வெட்கப்பட்டு நின்றுவிடும். நான் வேலையில் சேர்ந்த காலத்தில் எங்கள் பகுதிக் கிராமங்களிலிருந்து தீப்பெட்டித் தொழிற்சாலைகளுக்கு விடிவதற்கு முன்பே வண்டியேறிய பிள்ளைகளிடம் இதைத்தான் பார்த்தேன். அவர்கள் கொண்டுவந்த கூலி வீட்டுக்கு வேண்டியிருந்தது. வீட்டுக்கு வேண்டியிருந்ததாலேயே அவர்கள் வகுப்புக்குத் திரும்பவில்லை. ஆண்டு முடிவில் பதிவேட்டில் அந்தப் பெயர்களைச் சிவப்பு மையால் அடித்த கை இது. அதனால்தான் பந்தியாய் ஸ்ரேய் பாதையில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதைக் கண்டுபிடிக்க நான் கம்போடியா வரை போயிருக்க வேண்டியதும் இல்லை. அங்கோரை நிர்வகிக்கும் அப்சரா ஆணையம் 2015ஆம் ஆண்டிலேயே பயணிகளுக்கான நடத்தை நெறிகளை வெளியிட்டிருக்கிறது. குழந்தைகளிடம் பொருள் வாங்குவதும், அவர்களுக்கு இனிப்போ பணமோ கொடுப்பதும் அவர்களைப் பள்ளியை விட்டுப் பிச்சைக்குத் திருப்பும் என்றும், உதவ விரும்புவோர் அங்கீகாரம் பெற்ற தொண்டு அமைப்புக்குக் கொடுக்கலாம் என்றும் அதில் தெளிவாகச் சொல்லப்பட்டுள்ளது. அதே நெறிகளில் இருக்கும் உடைக் கட்டுப்பாட்டை நீங்கள் தவறாமல் எங்களுக்குச் சொன்னீர்கள். அடுத்த சில வரிகளையும் சேர்த்துச் சொல்லியிருந்தால், வாட்ஸ்அப் குறிப்பில் ஒரு டாலர் நோட்டுகளைப் பற்றிய அந்த வாக்கியம் வந்திருக்காது.

அங்கோரை ஒட்டிய சியெம் ரீப் நகரில், மதுக்கூடங்கள் நிறைந்த பப் தெருவில் இரவு நேரத்தில் கைக்குழந்தையோடு வரும் பெண்களையும் சிறுமிகளையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவர்கள் பணம் கேட்பதில்லை. குழந்தைக்குப் பால் மாவு வாங்கித் தந்தால் போதும் என்கிறார்கள். மறுக்க யாருக்கு மனம் வரும்? எங்கள் குழுவில் இரண்டு பெண்கள் கூடவே போய், அவர்கள் காட்டிய கடையில் பெரிய விலை கொடுத்துப் பால் மாவு டின் வாங்கித் தந்துவிட்டுக் கண் கலங்கத் திரும்பினார்கள். அந்த டின் பிரிக்கப்படாமலேயே கடைக்குத் திரும்பும், பணத்தைப் பங்கிட்டுக்கொள்வார்கள் என்பது அந்நகரில் உள்ளோர் அனைவரும் அறிந்த செய்தி. இரவு பதினொரு மணிக்கு இரைச்சலும் புகையும் நிறைந்த தெருவில் அந்தக் கைக்குழந்தையை வைத்திருப்பது நாம் வாங்கித் தரும் டின்தான். மறுநாள் காலை உணவின்போது மேலாளர் இதைச் சொன்னார். முந்தைய நாள் மாலையே சொல்லியிருக்கலாம்.

நான்காம் நாள் நிகழ்ச்சி நிரலில் ‘ஆதரவற்றோர் இல்லத்தில் அன்னதானம்’ என்று ஒரு வரி இருந்தது. எங்களுடன் வந்த ஓர் அம்மாவுக்கு அன்று அறுபதாவது பிறந்தநாள். பிறந்தநாளுக்கு இல்லத்தில் ஒரு வேளைச் சாப்பாடு போடுவது நம் ஊரில் எத்தனையோ குடும்பங்களின் வழக்கம் என்பதால் அவர் மிகவும் நெகிழ்ந்து போனார். அங்கே இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் எங்களுக்காக அப்சரா நடனம் ஆடினார்கள். முன்பின் தெரியாத எங்கள் ஒவ்வொருவரையும் கட்டியணைத்து வழியனுப்பினார்கள். என் பக்கத்தில் வந்து அமர்ந்த பன்னிரண்டு வயதுப் பையனிடம் வழிகாட்டியின் துணையோடு பேசினேன். அவனுடைய தாய் உயிரோடு இருக்கிறார். பக்கத்து மாவட்டச் சந்தையில் மீன் விற்கிறார். ஆண்டுக்கு இரண்டு முறை வந்து பார்க்கிறார். இங்கே ஆங்கிலம் சொல்லித்தருகிறார்கள், சோறு கிடைக்கும் என்று அனுப்பிவைத்தாராம்.

ஊர் திரும்பியபின் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். 2005க்கும் 2010க்கும் இடையில் கம்போடியாவில் இத்தகைய இல்லங்களின் எண்ணிக்கை 75 விழுக்காடு கூடி 269 ஆகியிருக்கிறது. அவற்றில் இருந்த குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருந்தார்கள் என்பதைக் கம்போடிய அரசும் யுனிசெப் அமைப்பும் 2011இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. 1975 முதல் 1979 வரை பொல் பொட் தலைமையில் நடந்த கெமர் ரூஜ் என்ற கம்யூனிச இயக்கத்தின் ஆட்சியில் பதினைந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மடிந்து, பிள்ளைகள் உண்மையிலேயே அனாதைகளாகி நின்ற நாடு அது. அந்தச் சித்திரம் நம் மனத்தில் அப்படியே தங்கிவிட்டது. ஆனால் இன்று பன்னிரண்டு வயதில் இருப்பவன் அந்த ஆட்சி முடிந்து முப்பது ஆண்டுகளுக்குப் பின் பிறந்தவன். அவனை அனாதையாக்கியது போர் அல்ல; அனாதைகளைப் பார்க்க வருபவர்களின் பேருந்து. ‘குழந்தைகள் சுற்றுலாக் காட்சிப் பொருள்கள் அல்லர்’ என்ற பிரசாரத்தை ஃப்ரெண்ட்ஸ் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு அதே 2011இல் அந்நாட்டிலேயே தொடங்கியிருக்கிறது. எல்லா இல்லங்களும் மோசமானவை என்று நான் சொல்லவில்லை. நல்ல இல்லம் எதுவும் முன்பின் தெரியாத 42 பேரைத் தன் பிள்ளைகளின் படுக்கையறை வரை அனுமதிக்காது என்று மட்டும் சொல்கிறேன்.

தொன்லே சாப் ஏரியின் மிதக்கும் கிராமத்தில் எங்களை ஒரு பள்ளிக்குள்ளும் அழைத்துப் போனார்கள். வழியில் இருந்த கடையில் நோட்டுப் புத்தகமும் அரிசியும் வாங்கச் சொன்னார்கள். நாங்கள் நுழைந்ததும் அந்த இளம் ஆசிரியர் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த கணக்கைப் பாதியில் நிறுத்திவிட்டு ஒதுங்கி நின்றார். என் வகுப்புக்குள் பாடம் நடக்கும்போது இப்படி ஒரு கூட்டம் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு நுழைந்திருந்தால் நான் கதவைச் சாத்தியிருப்பேன். ஒரு நாளைக்கு எத்தனை படகுகள், எத்தனை கணக்குகள் பாதியில் நின்றன என்று கேட்க எனக்கு அன்று துணிவு வரவில்லை. அந்த ஆசிரியரிடம் மனத்துக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

இன்னொன்றை எழுதக் கை தயங்கினாலும் எழுதித்தான் ஆக வேண்டும். குழந்தைகளைத் தேடி வரும் கயவர்களால் பல ஆண்டுகள் துயரப்பட்ட நாடு கம்போடியா. முன்பின் தெரியாத வெளிநாட்டவர் தூக்கலாம், கன்னத்தைத் தொடலாம், படம் எடுக்கலாம், கையைப் பிடித்து அழைத்துப் போகலாம், அதன் முடிவில் பணம் கிடைக்கும் என்று நாம் அன்போடு பழக்கிவிடும் குழந்தை, நாளை வேறு ஒருவன் அழைக்கும்போது எதை வைத்து வேறுபாடு காணும்? நம் நாட்டில் நம் பேத்தியை இப்படி ஒரு வெளிநாட்டுக்காரர் தூக்கிப் படம் எடுத்தால் நாம் சும்மா இருப்போமா?

“அப்படியானால் பசியோடு நிற்கும் பிள்ளையை விரட்டச் சொல்கிறீர்களா?” என்று எங்கள் மேலாளரே என்னிடம் வருத்தத்துடன் கேட்டார். நல்ல மனிதர், அந்தக் கேள்வியின் வலி எனக்கும் உண்டு. கடைசி இரண்டு நாட்கள் நான் கையை மூடிக்கொண்டு நடந்தேன். ஒரு குழந்தையின் கண்ணைப் பார்த்து இல்லை என்று சொல்வது எளிதாக இருக்கவில்லை. அவற்றுள் ஏதோ ஒரு பிள்ளை அன்றிரவு அரை வயிற்றோடு படுத்திருக்கவும் கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் விரட்ட வேண்டியதில்லை. சிரிக்கலாம், பேசலாம், பெயர் கேட்கலாம். பணத்தை மட்டும் குழந்தையின் கையில் வைக்காமல் அதன் தாய்க்குப் போகும் வழியில் கொடுக்கலாம். அதே பாதையில் பெரியவர்கள் கடை வைத்திருக்கிறார்கள். ‘கிராமா’ எனப்படும் கட்டம் போட்ட துண்டு, பனை வெல்லம், இளநீர் எல்லாம் விற்கிறார்கள். பேரம் பேசாமல் அவர்களிடம் வாங்குங்கள். தா புரோம் கோயிலுக்குப் போகும் வழியில் கண்ணிவெடியில் காலிழந்தவர்களும் பார்வையிழந்தவர்களும் குழுவாக அமர்ந்து வாத்தியம் இசைக்கிறார்கள். நான் கொண்டுபோன நோட்டுகளில் மிச்சமிருந்ததையெல்லாம் அவர்கள் முன்னால் வைத்தேன். அந்தப் பயணத்தில் மனம் நிறைந்து கொடுத்தது அங்கேதான்.

அதே தா புரோம் கோயிலின் கல்வெட்டு, பண்டைய கெமர் அரசன் ஏழாம் ஜெயவர்மனின் நாடெங்கும் 102 மருத்துவமனைகள் இருந்ததைக் குறிப்பிடுகிறது. ஏழாம் ஜெயவர்மன் மருத்துவமனை என்று அந்த அரசனின் பெயரைத் தாங்கிய, காந்தா போபா அமைப்பின் குழந்தைகள் மருத்துவமனை, சுவிட்சர்லாந்து மருத்துவர் பீட் ரிஷ்னரின் முயற்சியால் 1999 முதல் சியெம் ரீப்பில் இலவசமாகச் சிகிச்சை அளித்துவருகிறது. நாம் 37 டாலர் கொடுத்து வாங்கும் ஒரு நாள் நுழைவுச் சீட்டில் 2 டாலர் அந்த மருத்துவமனைக்குத்தான் போகிறது. இதைக்கூட எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அங்கே வெளிநாட்டுப் பயணிகளும் குருதிக்கொடை அளிக்கலாம். அதே 1999இல் தொடங்கப்பட்ட அங்கோர் குழந்தைகள் மருத்துவமனையும் நன்கொடைகளைக் கொண்டே நடக்கிறது. மாலை வேளைக்கு நிகழ்ச்சி வேண்டுமானால் ஃபாரே சர்க்கஸுக்கு அழைத்துப் போங்கள். அதன் வருவாய் பத்தம்பாங்கில் இலவசமாகக் கலை கற்பிக்கும் பள்ளிக்குச் செல்கிறது. அங்கே ஆடுபவர்கள் பயிற்சி பெற்று ஊதியம் வாங்கும் இளைஞர்கள். பிறந்தநாள் கொண்டாடிய அந்த அம்மாவை அங்கே அழைத்துப் போயிருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்பார்.

ஆகவே உங்களிடம் நான் வேண்டுவது மிகக் குறைவு. பயணக் குறிப்பிலிருந்து ‘கேட்கும் குழந்தைகளுக்கு’ என்ற சொற்களை எடுத்துவிடுங்கள். நிகழ்ச்சி நிரலிலிருந்து ஆதரவற்றோர் இல்லத்தையும், பாடம் நடக்கும் பள்ளியையும் நீக்குங்கள். விளம்பரத் தாள்களில் அந்தக் குழந்தைகளின் முகங்களை அச்சிடாதீர்கள். கொடுக்க விரும்புவோரிடம் நபருக்கு ஐந்து டாலர் என்று ஓர் உறையில் திரட்டி, குழுவின் பெயரால் மருத்துவமனையில் செலுத்தி, ரசீதைப் பேருந்தில் படித்துக் காட்டுங்கள். கொடுக்காமல் திரும்பினோமே என்ற குறை நம்மவர்களுக்கு இருக்கக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

முதல் கோயிலில் இறங்குவதற்கு முன் பேருந்தின் ஒலிவாங்கி உங்கள் கையில் இருக்கும். அப்போது படிக்க ஒரு குறிப்பை எழுதியிருக்கிறேன். மாற்றியும் திருத்தியும் எடுத்துக்கொள்ளலாம். என் அனுமதி தேவையில்லை.

“அன்பார்ந்த பயணிகளே, இங்கே சில குழந்தைகள் உங்களிடம் ஓடி வரும், தமிழிலும் பேசும். தயவுசெய்து அவர்களுக்குப் பணமோ இனிப்போ கொடுக்க வேண்டாம், அவர்களிடம் பொருள் வாங்கவும் வேண்டாம், தூக்கிப் படம் எடுக்கவும் வேண்டாம். நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு டாலரும் அந்தக் குழந்தையை நாளையும் இங்கே நிற்க வைக்கும். வாங்க விரும்பினால் பெரியவர்களின் கடைகளில் வாங்குங்கள். குழந்தைகளுக்கு உதவ விரும்புவோருக்காக இதோ இந்த உறை பேருந்தின் முன்னிருக்கையில் இருக்கும். மாலையில் குழந்தைகள் மருத்துவமனையில் சேர்ப்போம்.”

நவம்பரில் அடுத்த பருவத்துக் குழுக்கள் புறப்படத் தொடங்கும். உங்கள் மேலாளர்களுக்கான கூட்டம் அதற்கு முன்பே நடக்கும் என்று நம்புகிறேன். அழைத்தால் நேரில் வந்து பேச அணியமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பயணிகளில் ஒருத்தியான
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை